பெர்கோலியோ எந்த ஊர்க்காரர்?

2013 மார்ச் 13 மாலை. வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்தின் மாடத்துக்கு வந்து நின்ற கர்தினால், புதிய போப் யார் என்பதை இலத்தீனில் அறிவித்தார். ஹோர்ஹே மரியோ என்ற இயற்பெயரை வழக்கப்படி இலத்தீன் வேற்றுமை உருபோடு உச்சரித்தார். குடும்பப்பெயருக்கு வந்தபோது உருபு எதுவும் சேரவில்லை. 'பெர்கோலியோ' என்று உள்ளபடியே சொல்லி முடித்தார். சதுக்கத்தில் காத்திருந்த கூட்டத்தில் பலருக்கு அது யார் என்று பிடிபடச் சற்று நேரமானது. இத்தாலியிலிருந்து அர்ஜென்டினாவுக்குக் குடியேறிய குடும்பத்தில் வந்த அவரைத்தான் பிறகு போப் பிரான்சிஸ் என்று உலகம் அறிந்தது.

தமிழில் இந்தப் பெயரைப் பெர்கோலியோ என்றும் எழுதுகிறார்கள், பெர்கோக்லியோ என்றும் எழுதுகிறார்கள். எது சரி என்று கேட்டால், இரண்டுமே என்பதுதான் பதில். இத்தாலிய எழுத்தில் பெயரின் கடைசிப் பகுதியில் ககரமும் லகரமும் அடுத்தடுத்து வரும். ஆனால் இத்தாலியர் அங்கே ககரத்தை ஒலிப்பதில்லை. நாக்கின் நடுப்பகுதியை அண்ணத்தில் அழுத்தி, 'ல்லிய' என்பதற்கு நெருக்கமான ஓர் ஒலியை எழுப்புவார்கள். அர்ஜென்டினாவில் பேசுவது ஸ்பானிய மொழி. அங்கே அந்த எழுத்துக்கூட்டைப் பார்த்தபடியே படித்தார்கள். ககரமும் ஒலித்தது. பெயர் கடல் கடந்த கதை அந்த ஒரு ககரத்திலேயே இருக்கிறது.

இந்த ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு, இத்தாலியக் குடும்பப்பெயர்கள் எப்படிப் பிறக்கின்றன, சில பெயர்கள் மட்டும் ஏன் அரிதாகவே இருக்கின்றன என்று பார்க்கலாம்.

முதலில் அடிப்படை. நம்மில் பலருக்கு அப்பாவின் பெயர் தலைப்பெழுத்தாக ஒரு தலைமுறை இருந்துவிட்டு, அடுத்த தலைமுறையில் மாறிவிடுகிறது. இத்தாலியரின் 'கொன்யோமே' எனப்படும் குடும்பப்பெயர் அப்படி மாறுவதில்லை. தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்கு நூற்றாண்டுக் கணக்கில் இறங்கி வரும். ஆனால் அதுவும் ஆதியிலிருந்தே இருந்ததல்ல. இடைக்காலத்தில் ஒருவரை 'இன்னாரின் மகன்', 'இன்ன ஊர்க்காரர்', 'கொல்லர்', 'செம்பட்டை முடிக்காரர்' என்று அழைத்தார்கள். அந்த அடைமொழிகளில் ஒன்று ஏதோ ஒரு தலைமுறையில் உறைந்துபோய்ப் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. கலிலேயோ கலிலேயி என்ற பெயர் ஏன் ஒரே சொல்லை இருமுறை சொல்வதுபோல இருக்கிறது? அவருடைய குடும்பத்துக்கு முன்பு பொனாயுத்தி என்று பெயர். பதினைந்தாம் நூற்றாண்டில் அந்தக் குடும்பத்தில் கலிலேயோ என்று பேர்பெற்ற ஒரு மருத்துவர் இருந்தார். வழிவந்தவர்கள் அவர் பெயரையே குடும்பப்பெயராக்கிக்கொண்டு 'கலிலேயோவின் வழியினர்' ஆனார்கள்.

உறைந்ததை உறுதியாக்கியது திருச்சபை. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் முடிந்தபோது, ஒவ்வொரு பங்கு ஆலயமும் திருமுழுக்கையும் திருமணத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதியாகியிருந்தது. நெருங்கிய உறவுக்குள் திருமணம் நடந்துவிடக் கூடாது என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. மையில் எழுதிய பெயரை அடுத்த தலைமுறை விருப்பம்போல மாற்றிக்கொள்வது கடினமானது. இன்று இத்தாலியர் தங்கள் முன்னோரைத் தேடிப் போனால், பெரும்பாலும் அந்த ஏடுகளில்தான் போய் நிற்கிறார்கள்.

இத்தாலியில் மொத்தம் சுமார் மூன்றரை லட்சம் குடும்பப்பெயர்கள் இருப்பதாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். எல்லோரும் அறிந்தவை ரோஸ்ஸி, ருஸ்ஸோ, பெர்ராரி, பியாங்கி போன்றவை. ரோஸ்ஸியும் ருஸ்ஸோவும் ஒரே பொருள் கொண்டவை, செந்நிறம். முன்னது வடக்கிலும் நடுப்பகுதியிலும், பின்னது தெற்கில் நேப்பிள்ஸ், சிசிலிப் பக்கமும் மிகுதி. பெர்ராரி கொல்லரின் பெயர், இரும்பு அடிப்பவர். இப்போது யோசித்துப் பாருங்கள். செம்பட்டை முடிக்காரர் இல்லாத ஊர் உண்டா? கொல்லுப்பட்டறை இல்லாத கிராமம் அந்தக் காலத்தில் உண்டா? அந்தப் பெயர்கள் நூறு ஊர்களில் நூறு முறை தனித்தனியே பிறந்தவை. ஆகவே ஒருவர் தன் பெயர் ரோஸ்ஸி என்று சொன்னால் அவர் முன்னோரைப் பற்றி நமக்கு ஏறக்குறைய எதுவும் தெரியாது. அரிய பெயர் அப்படியல்ல. அது பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரு முறையோ ஓரிரு முறையோ மட்டும் பிறந்திருக்கும். பொதுப்பெயர் வெறும் அடையாளம்; அரிய பெயர் கிட்டத்தட்ட ஒரு முகவரி.

பெர்கோலியோவின் முகவரி எது? பரவலாக ஏற்கப்படும் விளக்கம் வடமேற்கு இத்தாலியின் பியெமோந்தே மாநிலத்தில் உள்ள அலெசாந்திரியா நகரத்துக்கு நம்மை அழைத்துப் போகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே நகரம் இல்லை, சில கிராமங்கள் இருந்தன. கமோந்தியோ, மரெங்கோ, தனாரோ ஆற்றின் இடக்கரையில் பெர்கோலியோ. பேரரசர் பிரெடெரிக் பார்பரோசாவை எதிர்த்த வட இத்தாலிய நகரங்களின் கூட்டணிக்கு ஓர் அரண் தேவைப்பட்டது. 1168-இல் இந்தக் கிராமத்து மக்களைச் சேர்த்து ஒரு புதிய நகரம் எழுப்பப்பட்டது. பேரரசரின் பரம எதிரி அப்போதைய போப் மூன்றாம் அலெக்சாண்டர். நகரத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பேரரசரைச் சீண்டுவதற்கு இதைவிட நல்ல வழி அவர்களுக்குத் தோன்றவில்லை போலும். எதிரிகள் இதை 'வைக்கோல் நகரம்' என்று கேலி செய்தார்கள். 1174 இறுதியில் முற்றுகையிட வந்த பார்பரோசா, மாதக்கணக்கில் முட்டி மோதிவிட்டு அடுத்த ஆண்டு திரும்பிப் போனார்.

போப் பெயரில் எழுந்த நகரத்துக்கு ஆள் கொடுத்த கிராமம் பெர்கோலியோ. எட்டரை நூற்றாண்டு கழித்து அந்தக் கிராமத்தின் பெயரைத் தாங்கிய ஒருவர் போப் ஆனார். இதில் எந்தத் தத்துவமும் இல்லை, வெறும் தற்செயல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

இன்று வரைபடத்தில் பெர்கோலியோவைத் தேடினால் கிடைக்காது. பின்னாளில் நகரின் ஒரு பேட்டையாக ஆற்றின் மறுகரையில் இருந்த அந்தப் பகுதி, 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தரைமட்டமானது. அப்போது ஆட்சிக்கு வந்திருந்த சவோய் அரசர்கள் ஒரு பெரிய கோட்டை கட்ட விரும்பினார்கள். தேர்ந்தெடுத்த இடம் அந்தப் பேட்டை. வீடுகளை இடித்து, மக்களை வேறிடம் அனுப்பி, ஆறு கொத்தளங்களோடு நட்சத்திர வடிவில் எழுந்த சித்தாதெல்லா கோட்டை இன்றும் நிற்கிறது. ஊர் இல்லை, பெயர் மட்டும் மனிதர்கள் மேல் இருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். பெர்கோலியோ என்ற ஊரிலிருந்து வந்த பெயர் என்றால், அந்தப் பெயர்க்காரர்கள் அலெசாந்திரியாவில்தான் குவிந்திருக்க வேண்டும் என்று நினைப்போம். உண்மையில் பெயர் அதிகம் தென்படுவது ஆஸ்தி, துரின் பகுதிகளில். காரணம் எளிது. பெர்கோலியோவிலேயே இருப்பவனைப் பெர்கோலியோக்காரன் என்று யாரும் அழைக்க மாட்டார்கள். அங்கே எல்லோருமே பெர்கோலியோக்காரர்கள். அவன் பிழைப்புத் தேடி ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய், வேறு ஊரில் குடியேறி, அங்கே இன்னொரு ஜொவான்னியும் இருந்தால்தான் 'எந்த ஜொவான்னி? அந்தப் பெர்கோலியோ ஜொவான்னியா?' என்ற கேள்வி எழும். ஊர்ப்பெயர் ஊரைவிட்டுப் போனவனுக்கே ஒட்டும்.

இதற்கு அழகான சான்று கணித மேதை வீத்தோ வோல்த்தெர்ரா. வோல்த்தெர்ரா தொஸ்கானா மாநிலத்தில் குன்றின் மேல் உள்ள ஒரு பழைய ஊர். அவர் பிறந்ததோ 1860-இல், இத்தாலியின் எதிர்ப்பக்கக் கடற்கரையில் உள்ள அங்கோனாவில். இத்தாலிய யூதக் குடும்பங்களுக்கு இப்படி ஊர்ப்பெயர்கள் நிறைய உண்டு. ஊர் ஊராகப் போக நேர்ந்தவர்கள் அவர்கள். ஓவியர் மொதில்யானியின் பெயரும் மொதில்யானா என்ற சிற்றூரிலிருந்து வந்ததே. அங்கும் அதே வழுக்கும் லகரம்.

ஆக, அலெசாந்திரியாவிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் மேற்கே ஆஸ்தி. அதற்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டக் குன்றுகளுக்கு நடுவே பொர்த்தாகொமாரோ. இரண்டாயிரம் பேர் அளவில் வாழும் சிற்றூர். கிரிஞ்ஞொலீனோ என்ற வெளிர்சிவப்பு ஒயினுக்குப் பேர்போனது. போப் பிரான்சிஸின் தாத்தா ஜொவான்னி ஆஞ்செலோ பெர்கோலியோ 1884-இல் இங்கே பிறந்தார். பிறகு துரினுக்குப் போனார். போப்பின் தந்தை மரியோ 1908-இல் துரினில் பிறந்தார். 2022 நவம்பரில் உறவினர் ஒருவரின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்காகப் போப் பிரான்சிஸ் இங்கே வந்தார். மறுநாள் ஆஸ்தி பேராலயத்தில் திருப்பலி நிறைவேற்றினார்.

இத்தாலியக் குடும்பப்பெயர்களில் ஒலி முடிவே பல நேரம் மாநிலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். 'உ' என்று முடிந்தால் சார்தீனியாவை நினைக்கலாம். மெய்யெழுத்தில் முடிந்தால், பெனெத்தொன், திரெவிசான் என்பதுபோல, வெனிஸ் பக்கம். 'ஏரோ' என்றால் பியெமோந்தே. சாக்லேட் பெர்ரேரோ அங்கிருந்து வந்தது. வடக்கிலும் நடுப்பகுதியிலும் மிகுதியாகக் காணப்படும் 'இ' முடிவு, இத்தாலிய இலக்கணப்படி பன்மை. ரோஸ்ஸோ ஒருவர், ரோஸ்ஸி அந்தக் குடும்பத்தார். தமிழ் படித்தவர்களுக்கு இப்படி இரண்டு பெயர்கள் ஏற்கெனவே பழக்கம். மாந்துவா பகுதியில் உள்ள காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேவில் 1680-இல் பிறந்த நம் வீரமாமுனிவரின் குடும்பப்பெயர் பெஸ்கி. மதுரைக்கு வந்து தத்துவ போதகர் எனப்பட்ட ராபர்ட் தே நோபிலியின் குடும்பப்பெயரில் உள்ள நோபிலிக்கு 'உயர்குலத்தார்' என்று பொருள். இரண்டிலும் அதே பன்மை 'இ'. பெர்கோலியோ இந்த வழிக்கு வராததற்குக் காரணம், அது ஒரு மனிதனின் பண்போ தொழிலோ அல்ல, ஊரின் பெயர். ஊருக்குப் பன்மை எதற்கு?

சரி, ஒரு பெயர் ஏன் அரிதாகவே இருந்துவிடுகிறது? தொடக்கத்தில் அதைத் தாங்கியவர்கள் சிலரே என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம் கணக்கு. ஆண்வழியில் மட்டும் இறங்கும் பெயர் மகன் இல்லாத வீட்டோடு நின்றுவிடும். 1870-களில் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், மேட்டுக்குடிக் குடும்பப்பெயர்கள் ஏன் அழிந்துபோகின்றன என்று கேட்டார். பாதிரியாரும் கணிதருமான ஹென்றி வாட்சன் அதைக் கணக்காக்கிக் கொடுத்தார். நாமும் தாளில் போட்டுப் பார்க்கலாம். நூறு குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு பெயர், ஒவ்வொரு தம்பதிக்கும் சரியாக இரண்டு பிள்ளைகள். இரண்டும் பெண்ணாகப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே முதல் தலைமுறையிலேயே 25 பெயர்கள் போய்விடும். இரண்டாம் தலைமுறை முடிவில் 39. மூன்றாம் தலைமுறை முடிவில் 48. மக்கள்தொகை குறையவே இல்லை; பெயர்களில் மட்டும் பாதி காணாமல் போய்விட்டது. போனவற்றின் இடத்தை மற்ற பெயர்கள் நிரப்பிவிடும். நோய், போர், பிரம்மச்சரியம் எதுவும் தேவையில்லை. பிரம்மச்சரியம் சேர்ந்தால் வேகம் கூடும், அவ்வளவுதான். கத்தோலிக்க இத்தாலியில் அதுவும் குறைவில்லை.

இந்தக் கணக்கை மாற்றக்கூடிய ஒரு தீர்ப்பு அண்மையில் வந்திருக்கிறது. பிள்ளைக்குத் தந்தையின் பெயரை மட்டும் தானாகச் சூட்டுவது அரசியலமைப்புக்கு முரணானது என்று இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் 2022-இல் கூறியது. பெற்றோர் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாவிட்டால் இருவர் பெயரும் சேரும். மகள்களோடு முடிந்துபோகவிருந்த பெயர்களுக்கு இனி ஒரு வழி இருக்கிறது.

ஊர்ப்பெயர் வழியாக மட்டும் அரிய பெயர் பிறப்பதில்லை. ஓர் அலுவலரின் கற்பனையிலிருந்தும் பிறக்கும். இதற்கும் அலெசாந்திரியாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எழுத்தாளரும் குறியியல் அறிஞருமான உம்பர்த்தோ எக்கோ 1932-இல் பிறந்தது அந்த நகரில். 'எக்கோ' என்றால் இத்தாலிய மொழியில் எதிரொலி. ஆனால் பெயர் வந்த வழி வேறு. அவருடைய தாத்தா கண்டெடுக்கப்பட்ட குழந்தை. குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்த கதைப்படி, பதிவேட்டில் பெயர் எழுத வேண்டியிருந்த நகர அலுவலர் ஒருவர், 'வானிலிருந்து அளிக்கப்பட்டவர்' என்று பொருள்படும் மூன்று இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அந்தப் பெயரை உண்டாக்கினார். எக்ஸ், காயேலிஸ், ஒப்லாத்துஸ். முதலெழுத்துகளைக் கூட்டினால் எக்கோ. அலுவலகத்தில் ஒரு பிற்பகலில் முளைத்த பெயர் பின்னர் உலகமெங்கும் நூலட்டைகளில் ஏறியது.

கைவிடப்பட்ட குழந்தைகளுக்குப் பெயரிடும் வழக்கம் தனிக்கட்டுரைக்கு உரிய பெரிய கதை. நேப்பிள்ஸில் அன்னுன்சியாத்தா இல்லத்தின் சுவரில் ஒரு மரச்சுழல்பெட்டி இருந்தது. வெளியிலிருந்து குழந்தையை வைத்துச் சுழற்றினால் உள்ளே போய்விடும்; வைத்தவர் முகம் யாருக்கும் தெரியாது. 1875 வரை அது இயங்கியது. அப்படி வந்த குழந்தைகளுக்கு 'எஸ்போசித்தோ' என்று பெயர். வெளியே விடப்பட்டவர் என்று பொருள். பிளாரன்ஸில் 'இன்னொசெந்தி', ரோமில் 'புரொயேத்தி', மிலானில் மருத்துவமனையின் புறாச் சின்னத்தை வைத்து 'கொலொம்போ'. ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு ஒரே பெயர் கொடுத்ததால் இவை அரிய பெயர்களாகாமல் மிகப் பொதுவான பெயர்களாயின. அதே நேரம் பெயரே பிறப்பைச் சொல்லிக்காட்டியது. 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸை ஆண்ட ஜோக்கிம் முராவின் காலத்தில் அந்த ஊரில் இந்த வழக்கம் தடுக்கப்பட்டது. பிறகு அலுவலர்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் புதுப்புதுப் பெயர் தேட வேண்டியதாயிற்று. இத்தாலியில் ஓரிரு குடும்பங்களே தாங்கும் விசித்திரப் பெயர் ஒன்றைப் பார்த்தால், பின்னால் இப்படி ஒரு பதிவேட்டு எழுத்தர் இருக்கக்கூடும் என்று சந்தேகிக்கலாம்.

மீண்டும் பெர்கோலியோவுக்கு வருவோம். 1876-க்கும் 1915-க்கும் இடையே மட்டும் சுமார் 1.4 கோடிப் பேர் இத்தாலியை விட்டுப் போனார்கள். பியெமோந்தேக்காரர்கள் பலர் அர்ஜென்டினாவில் சாந்தா பே, கொர்தோபா மாகாணங்களின் சமவெளிகளில் உழவர்களாகக் குடியேறினார்கள். போப்பின் தாத்தாவுடைய சகோதரர்கள் மூவர் 1922-இல் பரானா நகருக்குப் போய், சாலை பாவும் நிறுவனம் தொடங்கி, நான்கு மாடி வீடு கட்டினார்கள். அந்த ஊரில் முதல் லிப்ட் அந்த வீட்டில்தான். தாத்தாவும் பாட்டி ரோசாவும் மகன் மரியோவும் 1927-இல் 'பிரின்சிபெஸ்ஸா மபால்தா' என்ற கப்பலில் போக டிக்கெட் எடுத்திருந்தார்கள். சொத்தை விற்க நாளானதால் அந்தப் பயணம் தவறியது. அந்தக் கப்பல் அக்டோபர் 25 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் மூழ்கி முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இவர்கள் 1929 தொடக்கத்தில் 'ஜூலியோ செசாரே' கப்பலில் புவெனஸ் ஐரிஸ் போய் இறங்கினார்கள். அங்கே அது கொளுத்தும் கோடை. பாட்டி மட்டும் மென்மயிர்க் கழுத்துப்பட்டி வைத்த கம்பளிக் கோட்டைக் கழற்றவில்லை. சொத்து விற்ற பணம் முழுவதும் அதன் உள்துணியில் தைத்து வைக்கப்பட்டிருந்தது.

இப்படித்தான் ஓர் அரிய பெயர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் குவிகிறது: பிறந்த மண்ணிலும், ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டு போய்க் குடியேறிய மண்ணிலும். இடையில் உள்ள பரந்த இத்தாலியில் ஆளே இருக்காது. தொலைபேசி விவரத் திரட்டுகளைக் கொண்டு தயாரிக்கும் பரவல் வரைபடங்களில் இதைப் பார்க்க முடியும். ரோஸ்ஸி என்று போட்டால் வரைபடம் முழுவதும் நிறம் படரும். பெர்கோலியோ போன்ற பெயரைப் போட்டால் வடமேற்கு மூலையில் ஒரு திட்டு, அங்கங்கே சில புள்ளிகள். புள்ளிகளை ஒதுக்கிவிட்டுத் திட்டைப் பாருங்கள். துரின், மிலான் போன்ற பெருநகரங்களில் தெரியும் புள்ளிகள் பெரும்பாலும் வேலை தேடி வந்தவர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரே அரிய பெயர் இருப்பதால் இருவர் சொந்தம் என்று ஆகிவிடாது. ஒரே ஊரிலிருந்து வெளியேறிய உறவே இல்லாத இரண்டு பேருக்கும் ஒரே ஊர்ப்பெயர் ஒட்டியிருக்கும். இன்னொன்று, குடும்பப்பெயரைச் சொன்னால் குலச்சின்னம் அச்சடித்துச் சட்டமிட்டுத் தரும் கடைகள் சுற்றுலாத் தலங்களில் உண்டு. கேடயமும் சிங்கமும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சின்னம் குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு உரியது, பெயருக்கு உரியது அல்ல. திராட்சைக் குன்றில் மண் கொத்தியவனின் பேரனுக்கு அந்தச் சிங்கம் எங்கிருந்து வந்தது?

2025 ஏப்ரல் 21 அன்று போப் பிரான்சிஸ் காலமானார். ரோமில் சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல் லிகூரியாவிலிருந்து வந்தது. அவருடைய தாய்வழி முன்னோரின் மண் அது. அதில் என்ன பொறிக்க வேண்டும் என்பதை அவரே உயிலில் எழுதி வைத்திருந்தார். கல்லில் இருப்பது 'பிரான்சிஸ்குஸ்' என்ற ஒரு சொல். பெர்கோலியோ என்ற பெயர் அதில் இல்லை.